முன் சீட்டுச் சால்வை

வண்டிப்பெரியாரில் எனக்கு வேலை கிடைத்தபோது என் பெட்டியில் கம்பளி என்று ஒரு துண்டுகூட இல்லை. நான் பாலக்காட்டில் பிறந்து வளர்ந்தவள். பருத்திப் போர்வை ஒன்றை இரண்டாக மடித்துப் போர்த்தினால் எந்தக் குளிரும் தாங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். எழுபதுகளின் நடுவில், நவம்பர் மாதம் ஒரு மாலையில் போய் இறங்கினேன். முதல் வாரத்திலேயே போர்வையை நான்காக மடித்தேன். அப்புறம் மேலே இரண்டு புடவைகளையும் விரித்தேன். அப்படியும் கால் விரல்கள் விடியும்வரை சில்லென்றே இருந்தன.

டவுனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஏறினால் வரும் ஓர் எஸ்டேட்டில் என் பள்ளிக்கூடம். தேயிலை பறிப்பவர்களின் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப் பள்ளி. டவுனில் ஒரு வீட்டின் பின்கட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வீட்டுக்காரம்மாள் என் நடுக்கத்தைப் பார்த்துவிட்டு, எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் கறுப்புக் கம்பளி ஒன்றைத் தந்தாள். அது குளிரைத் தடுத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் கழுத்தெல்லாம் குத்தியது. ஈரம் பட்டால் ஒரு வாடை. டவுனில் எங்கே பார்த்தாலும் அந்தக் கறுப்பும் சாம்பலும்தான். எனக்கு நிறம் வேண்டியிருந்தது. நானே ஒரு கம்பளிப் போர்வை பின்னிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா எனக்குத் தெரியும். பள்ளியில் தையல் வகுப்பில் கற்றது. வீட்டில் ரேடியோவுக்கு உறை, மேஜைக்கு விரிப்பு, தலையணை உறைக்கு ஓரம் என்று வெள்ளை நூலில் நிறையப் போட்டிருக்கிறேன். ஊசியும் கையோடு இருந்தது. ஆனால் அது மெல்லிய நூலுக்கான ஊசி. கம்பளி நூலுக்குப் பெரிய கொக்கி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நல்ல ஒரு டிசைன் வேண்டும்.

பாலக்காட்டில் இருந்த அக்காவுக்கு எழுதினேன். எங்கள் தெருவில் அவளைப்போல் குரோஷா போட ஆளில்லை. பத்து நாளில் தடிமனாக ஒரு கவர் வந்தது. உள்ளே நான்கு டிசைன்கள், ஒவ்வொன்றும் கட்டம் போட்ட தாளில் அழகாக வரையப்பட்டிருந்தது. அன்னாசிப்பழம், மயில், நட்சத்திரம், திராட்சைக் கொத்து. கூடவே ஒரு கடிதம்.

“கம்பளியெல்லாம் நேக்குத் தெரியாது, கேட்டியா. இதெல்லாம் நூல்ல போட்டதாக்கும். நீ பெரிசாப் போட்டுண்டா போர்வை ஆயிடாதோ?”

ஆகவில்லை. அன்னாசிப்பழத்தைக் கம்பளியில் ஒரு சாண் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு ஓட்டையும் என் பெருவிரல் நுழையும் அளவுக்கு இருந்தது. பார்வைக்கு அழகு. போர்த்தினால் குளிர் அத்தனை ஓட்டை வழியாகவும் வரும். பிரித்து உருண்டையாகச் சுற்றினேன்.

கம்பளி நூல் வாங்கியது கடைத்தெருவில் ஒரு ராவுத்தர் கடையில். துணி, குடை, கம்பளி, ரப்பர் செருப்பு எல்லாம் வைத்திருந்தார். அவருக்கும் சொந்த ஊர் பாலக்காடு என்பதால் முதல் நாளே என்னிடம் தனிப் பிரியம் காட்டினார். நூலை ஒரு ஆங்கிலப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால் அந்தத் தாளில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை, தலையில் குல்லாவும் மேலே கட்டம் கட்டமாகப் பின்னிய போர்வையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே செய்முறை. ஆறு வரி படித்ததும் தாள் முடிந்துவிட்டது. மீதி வேறொரு பக்கத்தில் இருப்பதாகப் போட்டிருந்தது.

மறுநாள் மாலை பள்ளி விட்டதும் நேராகக் கடைக்குப் போனேன்.

“இந்தப் புஸ்தகத்தோட பாக்கி இருக்கா?” என்றேன்.

ராவுத்தர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது பங்களாவுல இருந்து எடைக்கு வந்த பேப்பரு டீச்சரம்மா. பாதி கிழிச்சு மடிச்சுக் குடுத்தாச்சு. மிச்சம் அந்த மூலையில கிடக்குது. பொறுமை இருந்தா உக்காந்து பாருங்க.”

ஒரு முக்காலியைப் போட்டுக் கொடுத்தார். கட்டுக் கட்டாகக் கிடந்த தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அந்த ஒரு மாலை மட்டுமல்ல, மூன்று மாலைகள். கையுறையின் கட்டைவிரல் கிடைத்தது, மற்ற விரல்கள் இல்லை. ஒரு மஃப்ளரின் நடுப்பகுதி கிடைத்தது. என் குழந்தைப் போர்வையின் மீதிப் பக்கம் கிடைக்கவில்லை. யாரோ அதில் செருப்போ துண்டோ வாங்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். கிடைத்த தாள்களிலும் இன்னொரு சிக்கல். அவர்கள் ஆங்கிலத்தில் சுருக்கிச் சுருக்கி எழுதியிருந்த எழுத்துகளுக்கும் எங்கள் தையல் டீச்சர் சொல்லிக் கொடுத்த பெயர்களுக்கும் பொருந்தவே இல்லை. ஊசியால் இழுத்துப் போடும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி. உயரமான கண்ணி என்று நான் நினைத்தது அங்கே குட்டைக் கண்ணியாக இருந்தது. ராவுத்தர் மட்டும் தன் சாமான்களுக்கு நடுவே தேடி, எலும்பில் செய்த பெரிய கொக்கி ஊசி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதுதான் அந்த மூன்று நாள் லாபம்.

இந்த நேரத்தில்தான் அந்தச் சால்வையைப் பார்த்தேன்.

காலை ஏழு மணி பஸ்ஸில் மேலே போகிறவர்கள் குறைவு. பெண்கள் பகுதியில் முதல் சீட்டில் ஒருத்தி உட்காருவாள். எனக்கு இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருக்கலாம். என் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னால் இறங்குவாள். எஸ்டேட்டில் தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் காப்பகத்தில் அவளுக்கு வேலை. அவள் கணவனுக்கு டவுனை ஒட்டிய தேயிலை ஃபேக்டரியில் வேலை என்பதால் கீழே குடியிருந்தார்கள். இதெல்லாம் கண்டக்டரோடு அவள் பேசுவதைக் கேட்டு நான் தெரிந்துகொண்டது. அதுவரை நாங்கள் இருவரும் பேசியதில்லை.

டிசம்பரில் ஒரு நாள் அவள் சால்வை போர்த்திக்கொண்டு வந்தாள். கம்பளி நூலில் குரோஷா. கடுகு மஞ்சள், காப்பிக்கொட்டை நிறம், பாலாடை வெள்ளை, நடுநடுவே செங்கல் நிறத்தில் ஒரு கோடு. நிறங்கள் நேர்கோடாக ஓடாமல் மலையும் பள்ளமுமாக ஏறி இறங்கி முதுகு முழுக்கப் பரவியிருந்தன. ஓட்டையே இல்லை. நெருக்கமான, கனமான பின்னல். நான் அவளுக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து அதுவே என் வேலையாகிவிட்டது. பஸ் குலுங்கும்போதும் கண்ணை எடுக்காமல் சால்வையின் கண்ணிகளை எண்ணுவேன். மலை உச்சியில் ஒரே துளையில் மூன்று கண்ணி. அங்கிருந்து சரிவில் ஏழு. பள்ளத்தில் இரண்டைத் தவிர்த்துவிட்டு அடுத்த ஏற்றம். டிக்கெட்டின் பின்புறத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொள்வேன். மாலை வீட்டுக்கு வந்ததும் பின்னிப் பார்ப்பேன். மலை வந்தது, பள்ளமும் வந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஆனால் பத்து வரிசை போனதும் ஏதோ தவறாகப்பட்டது. துண்டு நேராக வளரவில்லை. கீழே ஒரு முழம் இருந்தது மேலே ஒன்றேகால் முழமாக அகன்றிருந்தது. எண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு கண்ணிகள் கூடிக்கொண்டே போயிருந்தன. பிரித்துத் திரும்பப் போட்டேன். மறுபடியும் அதே கதை. தவறு ஓரத்தில்தான் என்று புரிந்தது. அந்தச் சால்வையின் ஓரங்களோ அவள் முன்பக்கமாக இழுத்துக் கையிடுக்கில் வைத்துக்கொள்ளும் இடத்தில் இருந்தன. பின்னால் உட்கார்ந்து எத்தனை நாள் பார்த்தாலும் தெரியாது.

அதனால் இடம் மாறினேன். பக்கவாட்டில் எதிர் சீட்டில் உட்கார்ந்து கழுத்தை நீட்டிப் பார்த்தேன். அவள் சட்டென்று திரும்பினாள். நான் ஜன்னல் பக்கம் பார்ப்பதுபோல் இருந்தேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவள் சால்வையின் நுனியை இன்னும் இறுக்கி மடிக்குள் திணித்துக்கொண்டாள். எனக்கு அது எரிச்சலாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கொஞ்சம் விரித்துத்தான் உட்கார்ந்தால் என்ன என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அவள் சால்வை இல்லாமல் வந்தாள். எல்லோரையும்போலக் கறுப்புக் கம்பளி. துவைத்துப் போட்டிருப்பாள் என்று இருந்துவிட்டேன். நான்கு நாள் ஆனது. அவள் இறங்கும் இடம் வர இன்னும் இரண்டு வளைவுதான் இருக்கும்போது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“உங்க சால்வை எங்கே?”

அவள் முகம் மாறியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. முதலில் வெளுத்தது, பிறகு கறுத்தது.

“டீச்சரும் கேக்க ஆரம்பிச்சுட்டீங்களா?” என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. “அது தொரைசானி தன் கையால குடுத்தது. எடுத்துட்டு வந்ததில்ல. எந்தக் கோயில்ல வேணும்னாலும் வந்து சத்தியம் பண்ணுறேன்.”

பஸ் நின்றது. நான் வாய் திறப்பதற்குள் இறங்கிப் போய்விட்டாள்.

அன்று முழுவதும் வகுப்பில் என்ன நடத்தினேன் என்று எனக்கே தெரியாது. இரண்டு வாரமாக நான் அவளை என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பின்னால் உட்கார்ந்து முறைத்தேன், பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. டீச்சர் என்பதால் அவளும் எதிர்த்துக் கேட்கவில்லை. குளிரில் தன் சால்வையைக் கழற்றி வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் அவள் இல்லை. என் கண்ணில் படாமல் இருக்க முந்தின பஸ்ஸிலேயே போயிருக்க வேண்டும். நான் என் கோணல் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்ததும், அடுத்த வகுப்பு டீச்சரிடம் சொல்லிவிட்டு, தேயிலைக்கு நடுவே இருந்த குறுக்குப் பாதையில் இறங்கிக் காப்பகத்துக்குப் போனேன்.

நீளமான தகரக் கூரைக் கட்டடம். உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். அவள் ஒரு கையால் ஒரு தொட்டிலை ஆட்டியபடி, மடியில் இன்னொரு குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

“உக்காருங்கோ, எழுந்திருக்க வேண்டாம்” என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், பையிலிருந்து என் துண்டை எடுத்து அவள் முன்னால் தரையில் விரித்தேன். “இதுக்காகத்தான் பார்த்தேன். உங்க சால்வையைப் பார்த்துப் போட்டது. ஓரம் எனக்கு வரலை. ஓரம் எப்படி இருக்குன்னு பார்க்கத்தான் தினமும் எட்டி எட்டிப் பார்த்தேன். வேற ஒண்ணும் என் மனசுல இல்லை. முதல்லயே கேட்டிருக்கணும். தப்பு என் மேலதான்.”

அவள் துண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் துண்டைப் பார்த்தாள்.

“நெசமாவா டீச்சர்? அம்புட்டுதானா?”

“அவ்வளவுதான்.”

“இது என்ன, விசிறி கணக்கா விரிஞ்சு போயிருச்சு?” என்று சொல்லி அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். மடியிலிருந்த குழந்தை கஞ்சிக்காக வாயைத் திறந்தபடி காத்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு அவளே சொன்னாள். எஸ்டேட்டில் கடைசியாக இருந்த வெள்ளைக்காரத் துரையின் பிள்ளைகளை இரண்டு வருடம் இவள்தான் பார்த்துக்கொண்டாளாம். ஊரை விட்டுப் போகும் அன்று துரைசானி தன் தோளில் இருந்த சால்வையை எடுத்து இவள் தோளில் போட்டிருக்கிறாள். பக்கத்தில் யாரும் இல்லை. அவர்கள் போன பின் இவள் போர்த்திக்கொண்டு வெளியே வந்ததும் பேச்சு கிளம்பிவிட்டது. பங்களாவில் சாமான் கட்டும்போது எடுத்துக்கொண்டாள் என்று. இவள் வருடக்கணக்காகப் பெட்டியில் வைத்துவிட்டு, எல்லாரும் மறந்திருப்பார்கள் என்று இந்தக் குளிருக்குத்தான் தைரியமாக எடுத்திருக்கிறாள். எடுத்த நாளிலிருந்தே பின் சீட்டில் நான்.

“அதான் கழட்டிட்டேன். வீட்டுல வைக்கவும் மனசில்ல” என்றவள் எழுந்து போய், மூலையில் இருந்த தன் பையைத் திறந்தாள். குழந்தைகளின் துணிகளுக்கு அடியிலிருந்து சால்வையை எடுத்தாள். “இங்ஙன உள்ள வந்ததும் போத்திக்குவேன். இதுகளுக்கும் போத்துவேன். பஸ்ஸுல மட்டும் போடலை.”

“ரெண்டு நாளைக்கு எனக்குத் தர முடியுமா?” என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். “வேணாம் டீச்சர். தப்பா நெனைக்காதீங்க. ஒங்க கையில பாத்தா, அதுக்கு ஒரு கதை கட்டுவாக. இங்ஙனயே வந்து பாத்துக்குங்க, எத்தனை நாள் வேணும்னாலும்.”

ஒரு வாரம் மத்தியான இடைவேளையில் அங்கே போனேன். சால்வையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, ஓரத்தை விரலால் தடவி எண்ணினேன். விஷயம் மிகச் சிறியது. வரிசையின் தொடக்கத்தில் ஒரு கண்ணியைத் தவிர்க்க வேண்டும், முடிவில் ஒன்றை விட்டுவிட வேண்டும். இரண்டு ஓரத்திலும் பாதிப் பள்ளம். அவ்வளவே. இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. ஊசியைக் கண்ணியின் இரண்டு இழைக்கும் அடியில் விடாமல் பின் இழையில் மட்டும் விட்டிருந்தார்கள். அதனால்தான் வரப்பு வரப்பாக மேடு தட்டியிருந்தது. இது பின் சீட்டிலிருந்து எனக்குத் தெரியவே இல்லை. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தமிழில், எனக்குப் புரிகிற மாதிரி எழுதிக்கொண்டேன். எழுதும்போது அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் எண்ணியதைத் தானும் எண்ணிச் சரிபார்த்தாள். இரண்டு இடத்தில் நான் எண்ணியது தவறாக இருந்தது.

போர்வைக்கு நாளாகும் என்பதால் முதலில் மஃப்ளர் ஒன்று போட்டேன். அரக்கு, சாம்பல், கிளிப்பச்சை, ராவுத்தர் கடையில் இருந்த மூன்று நிறங்கள். ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். அன்று கூட்டம். மேல் எஸ்டேட்டில் யாருக்கோ கல்யாணம் என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் பத்துப் பேர் ஏறியிருந்தார்கள். அவள் தன் வழக்கமான முன் சீட்டில், கறுப்புக் கம்பளியோடு இருந்தாள்.

“டீச்சர், இது நல்லாயிருக்கே, எங்க வாங்குனீங்க?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“வாங்கலை, நானே போட்டேன்” என்றேன். பிறகு, பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கும்படியாக, “அதோ அவங்ககிட்ட இருந்து கத்துண்டது. அவங்ககிட்ட துரைசானி கொடுத்த சால்வை ஒண்ணு இருக்கு. இதைவிட ரொம்ப அழகு. துரை வீட்டுப் பிள்ளைகளை அத்தனை நன்னாப் பார்த்துண்டதுக்குக் கொடுத்துட்டுப் போனது” என்றேன்.

சால்வை கைமாறியபோது நான் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. ஆனால் அவள் சொன்னது உண்மை என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஒரு டீச்சர் சொன்னால் அந்த பஸ்ஸில் அதற்கு ஒரு மதிப்பு உண்டு என்பதும் தெரிந்துதான் சொன்னேன். கேள்வி கேட்ட பெண்ணே முன் சீட்டைத் தட்டி, “ஏ, அதைக் கொண்டா, பாப்போம்” என்றாள்.

முன் சீட்டில் இருந்தவள் குனிந்து பையைத் திறந்தாள். சால்வை ஒருவர் மடியிலிருந்து இன்னொருவர் மடிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒருத்தி கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். இன்னொருத்தி விலை எவ்வளவு இருக்கும் என்றாள். இறங்கும் இடம் வந்தபோது அது அவள் தோளுக்குத் திரும்பி வந்திருந்தது. அப்படியே போர்த்திக்கொண்டு இறங்கினாள். பேச்சு அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குளிர் முடியும்வரை அவள் அதைக் கழற்றவில்லை.

எனக்கு உதவியதற்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “இதுகளுக்குக் குல்லா போட்டுத் தாங்க டீச்சர். காலையில பனியோட தூக்கிட்டு வர்றாக, காதெல்லாம் செவந்து கெடக்கு.”

போர்வையை ஒதுக்கி வைத்துவிட்டுக் குல்லா போட்டேன். முதல் குல்லா ஒரு ஆறு மாதக் குழந்தையின் மூக்குவரை இறங்கிவிட்டது. அவள் ஒரு சணல் கயிற்றால் ஒவ்வொரு தலையையும் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். பத்திரிகைத் தாளில் கிடைத்த மஃப்ளரின் நடுப்பகுதி, குல்லாவின் விளிம்புக்கு அப்படியே பொருந்தியது. ராவுத்தர் நிறம் ஒட்டாத மிச்ச நூல்களையெல்லாம் சும்மாவே கொடுத்துவிட்டார். பிப்ரவரிக்குள் பதினாறு குல்லாக்கள். எதுவும் இன்னொன்றைப்போல இல்லை. போர்வை அந்த வருடம் முடியவில்லை. அடுத்த குளிருக்குத்தான் முடிந்தது. கட்டிலுக்கு ஒரு கை அளவு குறைவாக, ஆனால் ஓரம் நேராக.

மூன்றாம் வருடம் எனக்குப் பாலக்காட்டுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கடைசி நாள் பள்ளி விட்டதும் காப்பகத்துக்குப் போனேன். புதிதாக வந்திருந்த இரண்டு குழந்தைகளுக்குக் குல்லா கொண்டு போயிருந்தேன். ஒன்றுக்குச் சரியாக இருந்தது. இன்னொன்று குல்லாவைப் பிடுங்கி வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தது. அவள் பால் விடாமல் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். பாலக்காட்டில் குளிருமா என்று கேட்டாள். குளிராது, காற்றுதான் அடிக்கும் என்றேன். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையின் சத்தத்தில் அதற்குமேல் பேச முடியவில்லை. நாங்கள் ஆளுக்கொரு தொட்டிலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாலரை மணிக் கடைசி பஸ் போய்விட்டது. மழை விட்டதும் இருவருமாகக் குறுக்குப் பாதைகள் வழியே கீழே டவுன்வரை நடந்தே இறங்கினோம்.